விண்டோஸ் அப்டேட்டை மொத்தமாக நிறுத்தலாமா, தள்ளிப்போட்டால் போதுமா?

ஆல்பம்கடை

வணக்கம் எல்லாருக்கும். கல்யாண வீடியோ எடிட்டிங்கும் ஆல்பம் டிசைனும்தான் தொழில். வீட்டில் இரண்டு மெஷின். ஒன்று விண்டோஸ் 11 ப்ரோ, 24எச்2 பதிப்பு. இன்னொன்று பழையது, ஏழாம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 10 ஹோம். அதில் 11 ஏறாது என்று அதுவே சொல்லிவிட்டது.

முகூர்த்த சீசன் தொடங்கப்போகிறது. ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போவேன், காலையில் பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும். நடுவில் மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகவே கூடாது. யூடியூபில் தேடினால் பின்னணியில் ஓடும் விண்டோஸ் அப்டேட் சர்வீஸை டிஸேபிள் பண்ணு என்று ஒருவர் சொல்கிறார், இந்த டூலை இறக்கி ஒரு பொத்தானை அழுத்து, இனி ஜென்மத்துக்கும் அப்டேட் வராது என்று இன்னொருவர். கீழே கமெண்டில் பாதிப்பேர் நன்றி சொல்கிறார்கள், பாதிப்பேர் திட்டுகிறார்கள். நெட்டைத் துண்டிக்க முடியாது, வாடிக்கையாளர்கள் போட்டோ, பாட்டு எல்லாம் டிரைவ் லிங்க்கில்தான் அனுப்புகிறார்கள். என்ன செய்வது, அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நெட்இல்லாநிம்மதி

மொத்தமாக நிறுத்துங்கள், யோசிக்கவே வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய மெஷின் எப்போது ரீஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதை வாங்கியவன்தானே முடிவு செய்ய வேண்டும்? 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது ஹோம் வைத்திருந்தவர்களுக்கு மறுக்கும் வழியே கிடையாது. அடுத்த வருடம் மே மாதம், விண்டோஸ் 10க்கு மாறச் சொல்லும் மேம்படுத்தல் பெட்டியில் மேலே இருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடினால் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு தேதி குறித்தார்கள், உலகமே பார்த்தது. கலிஃபோர்னியாவில் டிராவல் ஏஜென்சி நடத்திய ஒரு பெண்மணி கோர்ட்டுக்குப் போய் 10,000 டாலர் வாங்கினார். இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு "நம்புங்கள், பாதுகாப்புக்குத்தான்" என்றால் எப்படி?

சர்வீஸஸ் திறங்கள், விண்டோஸ் அப்டேட், டிஸேபிள்டு. முடிந்தது.

சர்வீஸ்பெஞ்ச்

முடியவில்லை ஐயா, அங்கேதான் தொடங்குகிறது.

என் கடைக்கு வரும் லேப்டாப்களில் இது ஒரு தனி ரகம். புகார் வேறு எதுவாகவோ இருக்கும். ஸ்டோரில் ஆப் இறங்கவில்லை, டாலி மாதிரி ஒரு பழைய மென்பொருள் டாட்நெட் 3.5 கேட்கிறது ஏறவில்லை, தமிழ் மொழித் தொகுப்பு பாதியில் நிற்கிறது. பிழை எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: 0எக்ஸ்80070422. அப்படியென்றால் தேவைப்படுகிற சர்வீஸ் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இவை எல்லாம் விண்டோஸ் அப்டேட் சர்வீஸ் வழியாகத்தான் வரும், அதைக் கொன்றுவிட்டால் இவையும் சேர்ந்து போகும்.

திறந்து பார்த்தால் அடுக்கடுக்காக இருக்கும். சர்வீஸ் டிஸேபிள்டு. இணைய முகவரிகளைத் திருப்பிவிடும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் மைக்ரோசாஃப்ட் முகவரிகள் ஒரு இருபது வரி, எல்லாம் 0.0.0.0 பக்கம் திருப்பிவிடப்பட்டிருக்கும். டாஸ்க் ஷெட்யூலரில் ஏதோ டூல் போட்டுவைத்த வேலை ஒவ்வொரு முறை மெஷின் ஏறும்போதும் ஓடும், அந்த டூலையே எப்போதோ அழித்திருப்பார்கள், வேலை மட்டும் மிச்சம். யார் போட்டது என்று கேட்டால் "பையன் ஏதோ பண்ணினான்".

அப்புறம் ஏன் அது திரும்பத் திரும்ப உயிர்த்தெழுகிறது என்று கேட்பார்கள். விண்டோஸ் 10இன் நடுவிலிருந்து விண்டோஸ் அப்டேட் மெடிக் சர்வீஸ் என்று ஒன்று உள்ளே இருக்கிறது. அதன் வேலையே அப்டேட் பாகங்கள் பழுதாகிக் கிடந்தால் சரிசெய்வது. நீங்கள் வேண்டுமென்று அணைத்தீர்களா, வைரஸ் அணைத்ததா என்று அதற்குத் தெரியாது, இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கும். மெடிக்கையே அணைக்க, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் அனுமதிகளைப் பிடுங்க வேண்டும். அந்த இடத்துக்கு வந்துவிட்டால் நீங்கள் அப்டேட்டை நிறுத்தவில்லை, இயங்குதளத்தோடு மல்லுக்கட்டுகிறீர்கள்.

வாய்தா

நான் நடுவில் நிற்கிற கட்சி. தள்ளிப்போடு, ஆனால் நிறுத்தாதே. ஏன் என்று தேதிகளை வைத்துச் சொல்கிறேன், இந்தக் கணக்கைப் போடாமல்தான் இரண்டு தரப்பும் சண்டை போடுகிறது.

வான்னாக்ரை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட புழு. 2017 மே 12. ஒரு சில நாளில் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள். பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையில் 236 டிரஸ்ட்களில் (மருத்துவமனைகளை நடத்தும் அமைப்புகள்) குறைந்தது 80 பாதிக்கப்பட்டன, நோயாளிகளின் நேரங்கள் ரத்தாயின. நமக்குப் பக்கத்தில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் சிலவும் மாட்டின. எல்லாரும் ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பியைத்தான் குறை சொன்னார்கள், ஆனால் மாட்டியவற்றில் ஆகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதாவது ஆதரவில் இருந்த, பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் பேட்ச் கிடைத்துக்கொண்டிருந்த மெஷின்கள். வான்னாக்ரை நுழைந்த ஓட்டைக்கான பேட்ச் எப்போது வந்தது? மார்ச் 14. தாக்குதலுக்கு எட்டு வாரத்துக்கும் முன்னால்.

இப்போது யோசியுங்கள். இன்று விண்டோஸில் இருக்கிற பாஸ் (தற்காலிகமாக நிறுத்து) பொத்தானை அன்று ஒருவர் முழு 35 நாளுக்கு அழுத்தியிருந்தால்கூட ஏப்ரலிலேயே பேட்ச் ஏறியிருக்கும், தப்பித்திருப்பார். மாட்டியவர்கள் பத்து நாள் தள்ளிப்போட்டவர்கள் இல்லை, அப்டேட் என்ற பேச்சே எடுக்காதவர்கள்.

மறுபக்கம். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு, 2018 அக்டோபர் 2 அன்று வந்தது. சிலருடைய டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் இருந்த கோப்புகள் அழிந்தன. அந்த ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றிவிட்டு பழைய இடத்திலும் கோப்பு வைத்திருந்தவர்கள் முக்கியமாக மாட்டினார்கள். அக்டோபர் 6 அன்று வெளியீட்டையே நிறுத்தி வைத்தார்கள், மறுபடி விட்டது நவம்பர் 13. இதில் ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது: அந்த முதல் நாட்களில் அது தானாக யாருக்கும் போகவில்லை. "செக் ஃபார் அப்டேட்ஸ்" பொத்தானைத் தாங்களாகப் போய் அழுத்தியவர்களுக்குத்தான் கிடைத்தது. சும்மா இருந்தவன் பிழைத்தான்.

ஆக கெட்ட அப்டேட்டின் நாற்றம் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வெளியே வந்துவிடுகிறது, பேட்ச் போடாத மெஷின் மீது பெரிய அடி விழ சில வாரங்கள் ஆகின்றன. அந்த இடைவெளியில்தான் நாம் குடித்தனம் நடத்த வேண்டும்.

நெட்இல்லாநிம்மதி

வான்னாக்ரை வந்தது 445 என்ற போர்ட், அதாவது கணினியின் ஒரு நெட்வொர்க் வாசல் வழியாக. வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறவனுக்கு வெளியிலிருந்து அந்தப் போர்ட் தெரியவே தெரியாது. மருத்துவமனை மாதிரி ஆயிரம் மெஷின் ஒரே வலையில் இருக்கிற இடத்தின் கதையை வீட்டுக்காரனுக்குச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்.

சரி, 2024 ஜூலை 19 மறந்துவிட்டதா? உலகம் முழுக்க நீலத்திரை, விமான நிலையத்தில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அப்டேட்டால் வந்த வினைதானே அது? அப்டேட் போடாமல் இருந்தவன் அன்றைக்கு நிம்மதியாகக் காபி குடித்தான்.

பேட்ச்அக்கா

அது விண்டோஸ் அப்டேட்டே இல்லை தம்பி. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள், அது தன் சொந்த வழியில் அனுப்பிய ஒரு கோப்பு. 85 லட்சம் கணினிகள் விழுந்தன, அத்தனையும் அந்த மென்பொருள் போட்டிருந்த நிறுவனக் கணினிகள். விண்டோஸ் அப்டேட்டை அணைத்து வைத்திருந்தாலும் அன்று விழுந்திருக்கும், வீட்டு மெஷினுக்கு விண்டோஸ் அப்டேட் போட்டு வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அதிலிருந்து ஒரு பாடம் எடுக்கலாம், எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பக் கூடாது. நான் வேலை பார்க்கும் இடத்தில் முதலில் எங்கள் ஐடி ஆட்கள் மெஷினுக்கு, நாலைந்து நாள் கழித்து ஒரு சின்னக் கூட்டத்துக்கு, அப்புறம்தான் கணக்குப் பிரிவு உட்பட மற்றவர்களுக்கு. மாதக் கடைசியில் கணக்குப் பிரிவைத் தொட்டால் நான் வீடு போய்ச் சேர முடியாது.

ரவுட்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் பாதி சரி. வெளியிலிருந்து தானாகப் பரவுகிற புழுவுக்கு ரவுட்டர் நல்ல தடுப்பு. ஆனால் நம் ஆல்பம்கடை அண்ணன் முதல் பதிவில் என்ன சொன்னார் பாருங்கள்: யார் யாரோ அனுப்பும் லிங்க்கை நாள் முழுக்கத் திறக்கிறார். 2022இல் ஃபோலினா என்று ஒரு ஓட்டை. வேர்டு கோப்பு, மேக்ரோ (கோப்புக்குள் ஓடும் குறுநிரல்) எதுவும் வேண்டாம், சில வகைக் கோப்பை எக்ஸ்ப்ளோரரின் ப்ரிவியூவில் பார்த்தாலே போதும் என்ற அளவுக்கு மோசம். மே கடைசியில் வெளியே தெரிந்தது, அதற்கு முன்பே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள், பேட்ச் வந்தது ஜூன் 14. கல்யாணப் பத்திரிகை வாசகம் என்று ஒரு வேர்டு கோப்பு வந்தால் அண்ணன் திறக்காமல் இருப்பாரா? ரவுட்டர் அதைக் கதவைத் திறந்து உள்ளே விட்டுவிடும், நீங்கள்தானே கேட்டு வாங்கினீர்கள்.

வாய்தா சார் கணக்கில் நான் ஒரு திருத்தம் போடுவேன். பேட்ச் வெளியான அன்றே அதைப் பழைய கோப்போடு ஒப்பிட்டு என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் எட்டு வாரம் என்பதை எப்போதும் கிடைக்கும் அவகாசமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரம், பத்து நாள், அதுதான் என் வரம்பு. ஏற்கெனவே தாக்குதலில் இருக்கும் ஓட்டை என்று செய்தி வந்தால் அதுவும் கிடையாது, அன்றைக்கே போட்டுவிடுவேன்.

ஆல்பம்கடை

அக்கா, வாய்தா சார், புரிகிறது. நிரந்தரமாக நிறுத்தும் டூலை இறக்கவில்லை. ஆனால் எனக்கு வேண்டியது ராத்திரி ரீஸ்டார்ட் ஆகாமல் இருப்பது. தானாக ரீஸ்டார்ட் ஆகக் கூடாத நேரத்தை ஆக்டிவ் ஹவர்ஸ் என்று போட்டால் அதிகபட்சம் 18 மணி நேரம்தான் விடுகிறது. மிச்சம் ஆறு மணி நேரம் ராத்திரிதானே வரும்?

பேட்ச்அக்கா

ஏன் ராத்திரி வர வேண்டும்? ஆக்டிவ் ஹவர்ஸ் என்ற பெயரைப் பார்த்து எல்லாரும் தாங்கள் விழித்திருக்கும் நேரத்தைப் போடுகிறார்கள். உங்கள் மெஷின் ராத்திரி வேலை செய்கிறது, அதன் நேரத்தைப் போடுங்கள். மாலை 6 முதல் மறுநாள் பகல் 12 வரை. மிச்ச ஆறு மணி நேரம் மதியம் வரும், அப்போது நீங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பீர்கள், ரீஸ்டார்ட் கேட்டால் தெரியும். தானாக மாற்றிக்கொள் என்ற தேர்வை எடுத்துவிட்டு கையால் நேரம் கொடுங்கள். இது ஹோமிலும் உண்டு.

ப்ரோ மெஷினில் இதைவிட நல்ல வழி இருக்கிறது, குரூப் பாலிசி எடிட்டர். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனன்ட்ஸ், விண்டோஸ் அப்டேட் என்று போங்கள். அங்கே கீழே சொல்கிறவற்றைத் தொடுங்கள், மற்றதைத் தொடாதீர்கள்.

குவாலிட்டி அப்டேட் என்பது மாதாமாதம் வரும் பாதுகாப்புப் பேட்ச். இதை 30 நாள் வரை தள்ளலாம், நீங்கள் 7 போடுங்கள், பயமாக இருந்தால் 10. ஃபீச்சர் அப்டேட் என்பது 24எச்2இலிருந்து 25எச்2 மாதிரி பதிப்பே மாறுவது. இதை 365 நாள் வரை தள்ளலாம். அதைவிட டார்கெட் ஃபீச்சர் அப்டேட் வெர்ஷன் என்ற இடத்தில் விண்டோஸ் 11, 24எச்2 என்று எழுதிவிட்டால் அந்தப் பதிப்பிலேயே நிற்கும், பாதுகாப்புப் பேட்ச் மட்டும் வந்துகொண்டிருக்கும். ஆனால் அதைப் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. 24எச்2க்கு ஹோம், ப்ரோ ஆதரவு 2026 அக்டோபர் 13 வரைதான். அதற்குப் பின் 60 நாள் பார்த்துவிட்டு அதுவே அடுத்த பதிப்புக்கு நகர்த்திவிடும்.

அடுத்தது கான்ஃபிகர் ஆட்டோமேடிக் அப்டேட்ஸ். அதில் 2ஆம் எண் தேர்வு: இறக்குவதற்கு முன் என்னைக் கேள். இது போட்டால் நீங்கள் அழுத்தாமல் எதுவும் இறங்காது, இறங்காதது ரீஸ்டார்ட் கேட்காது. உங்கள் தூக்கத்துக்கு இதுதான் மருந்து. ஆனால் அழுத்தும் பொறுப்பு உங்கள் தலையில். அறிவிப்பைத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு ஆறு மாதம் ஓட்டுகிற ஆளாக இருந்தால் இதைப் போடாதீர்கள்.

எடிட்டிங் மெஷின் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன், டிரைவர்களைச் சேர்க்காதே என்று ஒரு பாலிசி இருக்கிறது. அதை இயக்கிவிடுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவரை நீங்கள் சோதித்து ஒரு பதிப்பில் நிறுத்தி வைத்திருப்பீர்கள், விண்டோஸ் அதன் கையிருப்பில் உள்ளதைக் கொண்டுவந்து மேலே ஏற்ற வேண்டாம்.

ஹாட்ஸ்பாட்மாணவன்

ஹோம் வைத்திருக்கிறவர்களுக்கு குரூப் பாலிசி கிடையாதே. நான் மொபைல் ஹாட்ஸ்பாட்தான், தினம் 2 ஜிபி. வைஃபை ப்ராபர்ட்டீஸில் மீட்டர்டு கனெக்ஷன் (டேட்டா அளவு உள்ள இணைப்பு) என்று போட்டுவிட்டேன், பெரிய அப்டேட் எதுவும் தானாக இறங்குவதில்லை. வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனால் அங்கே பிராட்பேண்ட், அதில் மீட்டர்டு போடவில்லை, அங்கே இறங்கிக்கொள்ளும். டெலிவரி ஆப்டிமைசேஷனில் மற்ற கணினிகளுக்கும் பகிர் என்பதையும் அணைத்துவிட்டேன், நம் டேட்டாவில் ஊருக்குத் தானம் எதற்கு.

அப்புறம் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வித்தை ஓடுகிறது. விண்டோஸ் அப்டேட்டின் யூஎக்ஸ் செட்டிங்ஸ் என்ற இடத்தில் ஃபிளைட் செட்டிங்ஸ் மேக்ஸ் பாஸ் டேஸ் என்று ஒரு மதிப்பைச் சேர்த்தால் (ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல்) பாஸ் பட்டியல் 35 நாளைத் தாண்டி வருடக்கணக்கில் நீள்கிறது. சர்வீஸைத் தொட வேண்டாம், மெடிக்கோடு சண்டை வேண்டாம். இது நல்ல வழிதானே?

சர்வீஸ்பெஞ்ச்

வேலை செய்யும். சர்வீஸைக் கொல்வதைவிட ஆயிரம் மடங்கு சுத்தம், எப்போது வேண்டுமானாலும் ரெஸ்யூம் அழுத்தித் திரும்பலாம், ஸ்டோரும் மற்றதும் ஓடும். ஆனால் 35 நாள் என்று ஏன் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஹோமுக்கு பாஸ் என்பதே 2019 மே மாதப் பதிப்பில், 1903இல்தான் வந்தது. ஏழு ஏழு நாளாக 35 வரை, அது முடிந்தால் வந்திருப்பதைப் போட்டுவிட்டுத்தான் மறுபடி பாஸ். ஒரு மாதச் சுழற்சியைத் தாண்டலாம், அடுத்ததில் சேர்ந்துகொள்ள வேண்டும் என்பதுதான் கணக்கு. நீ அந்தக் கதவைக் கழற்றிவிட்டு "பாஸ்தான் பண்ணியிருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்வாய், மூன்று வருடம் ஓடிவிடும். தேதியைப் போனிலாவது ஞாபகப்படுத்த வைத்துக்கொள்.

மீட்டர்டு விஷயம் சரி. ஒன்று மட்டும், முக்கியமான சில அப்டேட்கள் மீட்டர்டிலும் வரும்.

வாய்தா

எப்போது தள்ளுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதப் பேட்ச் வருவது ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய், அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு. நமக்கு அது செவ்வாய் இரவு 10.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 11.30. அதாவது நடைமுறையில் புதன்கிழமை. அடுத்த செவ்வாய் வரை சும்மா இருந்து யார் அலறுகிறார்கள் என்று பாருங்கள். 2025 அக்டோபர் 14 பேட்சில் ரிகவரி திரையில் யூஎஸ்பி கீபோர்டு, மவுஸ் இரண்டும் செத்தன. அதாவது மெஷின் விழுந்தால் தூக்கி நிறுத்தும் திரையிலேயே எதையும் அழுத்த முடியாது. 20ஆம் தேதி அவசரமாகத் திருத்தம் விட்டார்கள். ஆறே நாள்.

மாதத்தின் நாலாவது வாரத்தில் ப்ரிவியூ என்று விருப்ப அப்டேட் ஒன்று வரும். அதில் பாதுகாப்பு எதுவும் இல்லை, அடுத்த மாதத்துக்கான ஒத்திகை. செட்டிங்ஸில் "வந்தவுடனே எனக்குக் கொடு" என்ற ஸ்விட்ச் இருக்கும், அதை ஆன் பண்ணினால் ஒத்திகைக்கு நீங்கள்தான் ஆள். அணைத்து வையுங்கள். செக் ஃபார் அப்டேட்ஸ் பொத்தானைப் பொழுதுபோகாமல் அழுத்தாதீர்கள்.

ஃபீச்சர் அப்டேட்டுக்கு ஆல்பம்கடை நண்பருக்கு என் யோசனை: மார்கழி. வருடப் பதிப்பு பொதுவாக செப்டம்பர், அக்டோபரில் வெளியாகிறது. மார்கழி வருவதற்குள் இரண்டு மாதத்துக்கு மேல் ஊர் முழுக்கச் சோதித்து முடித்திருக்கும், உங்களுக்கும் கல்யாணம் கிடையாது. தை பிறப்பதற்குள் ஏதாவது கோளாறு என்றால் பத்து நாளுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி செட்டிங்ஸிலேயே இருக்கிறது. மார்கழி தவறினால் ஆடி. முகூர்த்தம் இல்லாத மாதம்தான் அப்டேட்டுக்கு முகூர்த்தம்.

ஆல்பம்கடை

சார், இதை எங்கள் சங்க வாட்ஸ்ஆப் குரூப்பில் அப்படியே போடப்போகிறேன்.

அந்த விண்டோஸ் 10 மெஷினுக்கு என்ன வழி? ஆதரவே முடிந்துவிட்டது என்கிறார்கள், அப்படியென்றால் தள்ளிப்போட ஒன்றுமே இல்லையா.

பேட்ச்அக்கா

2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. ஆனால் தனிநபர்களுக்கு ஒரு வருட நீட்டிப்பு கொடுத்தார்கள், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் பேட்ச் மட்டும். 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். செட்டிங்ஸ் அமைப்புகளை அந்தக் கணக்கில் பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் இலவசம், இல்லையென்றால் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளி, அதுவும் இல்லையென்றால் 30 டாலர். ஒரு கணக்கில் பத்து மெஷின் வரை சேர்க்கலாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் என்ரோல் என்று ஒரு இணைப்பு நிற்கும். சர்வீஸை அணைத்து வைத்திருக்கிறவர்களுக்கு அந்த இணைப்பே தெரியாமல் போவதும் உண்டு, அதையும் சொல்லி வைக்கிறேன்.

அந்த மெஷினில் புதுப் பதிப்பு என்று ஒன்று இனி வராது. 22எச்2தான் கடைசி. அதனால் அங்கே பேட்சைத் தவிர தள்ளிப்போட எதுவும் இல்லை.

இரட்டைபூட்

விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக வைத்திருக்கிறவர்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2024 ஆகஸ்ட் 13 பேட்சுக்குப் பிறகு பலருக்கு லினக்ஸ் பக்கம் ஏறவே இல்லை. எஸ்பேட் சரிபார்ப்பு (பழைய, ஓட்டையுள்ள பூட் நிரல்களைத் தடுப்பது) தோற்றது என்று ஒரு வரி, மெஷின் அணைந்துவிடும். இரட்டை பூட் இருந்தால் இந்தத் தடுப்பைப் போடமாட்டோம் என்று மைக்ரோசாஃப்ட்காரர்கள் சொல்லியிருந்தார்கள், அவர்களுடைய கண்டுபிடிப்பு முறைக்குச் சிலருடைய அமைப்பு தெரியவில்லை. தற்காலிக வழி உடனே வந்தது: செக்யூர் பூட்டை (நம்பகமான நிரலை மட்டும் ஏறவிடும் காவல்) அணை, லினக்ஸுக்குள் போய் அந்தப் பாலிசியை அழி, மறுபடி போடு. ஆனால் முழுத் திருத்தம் வந்தது 2025 மேயில். வாய்தா சாரின் ஒரு வாரக் கணக்கு இங்கே செல்லாது.

வாய்தா

ஒரு வாரம் காத்தால் திருத்தம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. செய்தி வந்துவிடும். நீங்கள் சொல்வதில் அலறல் இரண்டு நாளில் தொடங்கிவிட்டது. தெரிந்த பிறகு லினக்ஸ்காரர் தன் முடிவைத் தானே எடுக்கலாம், அந்த ஒரு மாதத்தைத் தாண்டலாம்.

செக்யூர் பூட் பேச்சு வந்ததால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கான 2011ஆம் வருடச் சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகின்றன, மாற்றுச் சான்றிதழ்கள் விண்டோஸ் அப்டேட் வழியாகத்தான் பெரும்பாலான மெஷின்களுக்குப் போகின்றன. அப்டேட்டை வருடக்கணக்கில் பூட்டி வைத்தவர்களுடைய மெஷின் அன்று நின்றுவிடாது, ஏறும். ஆனால் பூட் சம்பந்தமான புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குக் கிடைக்காது.

நெட்இல்லாநிம்மதி

சரி, எல்லாரும் சேர்ந்து என்னை ஓரம் கட்டுகிறீர்கள். என் நிலைமையையும் கேளுங்கள். என்னிடம் இருப்பது எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் கொடுக்கும் கணினி. மென்பொருள் விற்றவர் விண்டோஸ் 7க்கு மேல் உத்தரவாதம் தரமாட்டார், உரிமத்துக்காகச் சொருகும் டாங்கிளின் டிரைவர் புதியதில் ஏறாது. நெட் கேபிளே சொருகவில்லை, பெயரைப் பாருங்கள். பென் டிரைவில் டிசைன் வரும், ஓடும். இதற்கு அப்டேட் போட்டு என்ன சாதிக்கப்போகிறேன்?

பேட்ச்அக்கா

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் உங்களோடு சண்டையே போட்டிருக்க மாட்டேன். அது கணினி உருவத்தில் இருக்கும் மெஷின் பாகம், அப்படியே விடுங்கள். வங்கி, மெயில் எதுவும் அதில் வேண்டாம், ஹார்ட் டிஸ்கை ஒரு முழு இமேஜ் எடுத்து வெளியே வையுங்கள், வட்டு போனால் அந்த டாங்கிள் டிரைவரை எங்கே தேடுவீர்கள்.

ஆனால் அந்தப் பென் டிரைவைக் கவனியுங்கள். ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தில் நெட்டே இல்லாத இடத்துக்குள் ஸ்டக்ஸ்நெட் என்ற புழு போனது யூஎஸ்பி வழியாகத்தான். ஃபோல்டரைத் திறந்து ஐகான் தெரிந்தாலே ஓடுகிற மாதிரி ஒரு ஷார்ட்கட் ஓட்டை, 2010 ஆகஸ்டில் பேட்ச் விட்டார்கள். உங்கள் 7இல் அதாவது இருக்கிறதா என்று பாருங்கள். டிசைனுக்கு என்று தனிப் பென் டிரைவ், அது பிரௌசிங் சென்டர் பக்கமே போகக் கூடாது.

நான் சண்டை போட்டது இந்த மெஷினுக்கான வழியை ஆல்பம்கடை அண்ணனுக்குச் சொன்னதால். அவர் மெஷின் நாள் முழுக்க ஊர் லிங்க்கைத் திறக்கிறது.

நெட்இல்லாநிம்மதி

ஒத்துக்கொள்கிறேன், அவருக்கு பாலிசி வழி சரி. ஆனால் இந்த ஏழு நாள், பத்து நாள் தேர்வை ஹோம் வாங்கினவனுக்கும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அதிகக் காசு கொடுத்தவனுக்குத்தான் கோளாறு இல்லாத அப்டேட், குறைவாகக் கொடுத்தவன் முதலில் சோதித்துக் கொடுக்க வேண்டும் என்பதுதானே இதன் அர்த்தம்? அந்தக் கோபம் எனக்கு மாறாது.

சர்வீஸ்பெஞ்ச்

அதற்கு இங்கே யாரிடமும் பதில் இருக்காது, எனக்கும் அதே கோபம்தான்.

ஆல்பம்கடை, பாலிசியில் கை வைப்பதற்கு முன் ஒரு வேலை. செட்டிங்ஸில் வட்டையே பூட்டி வைக்கும் டிவைஸ் என்க்ரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். 24எச்2 புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் நீங்கள் கேட்காமலேயே ஆன் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். 2024 ஜூலை பேட்சுக்குப் பிறகு சில மெஷின்கள் ஏறும்போதே ரிகவரி கீ கேட்டு நின்றன. 48 இலக்கம், அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற எந்தக் கல்யாணமும் வெளியே வராது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ பதிந்திருக்கும், போனில் நுழைந்து பார்த்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

ஆல்பம்கடை

ஆன் ஆகித்தான் இருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது. கீ கிடைத்தது, எழுதிவிட்டேன். பாலிசியில் 7 நாள், 24எச்2, டிரைவர் வேண்டாம், கேட்டுவிட்டு இறக்கு, நாலும் போட்டாயிற்று. பழைய மெஷினில் மாலை 6 முதல் பகல் 12, என்ரோலும் ஆகிவிட்டது.

கடைசியாக ஒன்று. அப்டேட் அண்ட் ஷட் டவுன் என்று கொடுத்தால் அணையாமல் ரீஸ்டார்ட் ஆகி லாகின் திரையில் வந்து நிற்கிறதாமே, அது என் மெஷினில் கோளாறாக இருக்குமா என்று குரூப்பில் ஒருவர் கேட்கிறார்.

சர்வீஸ்பெஞ்ச்

அவர் மெஷினில் இல்லை. வெகுகாலமாக இருந்த பிழை. விண்டோஸ் 11க்கு 2025 அக்டோபர் கடைசி ப்ரிவியூவில் திருத்தினார்கள், நவம்பர் மாதப் பேட்சில் எல்லாருக்கும் வந்தது. அவர் எந்த மாதப் பேட்சில் நிற்கிறார் என்று கேளுங்கள், அநேகமாக அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பார்.